ரெட் சிம்ப்சன்: வெறும் லாரிப் பாட்டுக்காரர்தானா?

கேள்வி | 6 ஜனவரி 2024

அமெரிக்க கண்ட்ரி (நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை) பாடகர் ரெட் சிம்ப்சன் என்றால் ‘ஐ’ம் எ ட்ரக்’ (நான் ஒரு லாரி) என்ற பாட்டு ஒன்றுதான். அதையும் அவர் எழுதவில்லை. அறுபதுகளில் அமெரிக்காவில் லாரிப் பாட்டு மோகம் அடித்தது. கம்பெனி ஒரு ஆளைத் தேடியது, இவர் கிடைத்தார். மோகம் அடங்கியதும் ஆளையும் மறந்துவிட்டார்கள். இவரை பக் ஓவன்ஸ், மெர்ல் ஹேகார்டு மாதிரி பெரிய கண்ட்ரி பாடகர்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறார்களே, ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு

தகவல் சரி, முடிவுதான் இடிக்கிறது. அந்தப் பாட்டை எழுதியவர் பாப் ஸ்டான்டன் என்ற தபால்காரர். லாரிப் பாட்டுப் பாட ஆள் தேடியவர் கேபிட்டல் ரெக்கார்ட்ஸின் தயாரிப்பாளர் கென் நெல்சன். முதலில் அவர் மனதில் இருந்தது ஹேகார்டு. ஹேகார்டுக்கு அதில் இஷ்டமில்லை, சிம்ப்சன் ஒத்துக்கொண்டார். இது நடந்தது 1965-ல்.

ஆனால் அதற்கு முந்தின வருஷமே பக் ஓவன்ஸ் ‘க்ளோஸ் அப் த ஹாங்கி டாங்க்ஸ்’ பாடிவிட்டார். எழுதியது சிம்ப்சன். லாரி வாடையே இல்லாத பாட்டு. தன் காதலி ராத்திரியெல்லாம் ஆட்டமும் குடியுமாக இருக்கிறாள் என்று தெரிந்த ஒருவன், ஊரில் இருக்கிற பார்களை எல்லாம் பூட்டிவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். பிறகு ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற குழுவும் அதைப் பாடியது. லாரி வருவதற்கு முன்பே இந்த மனிதர் எழுத்தாளர். அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

7 ஜனவரி

கொஞ்சம் விரிவாக.

ஜோசப் சிம்ப்சன், 1934-ல் அரிசோனாவின் ஹிக்லியில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில். பதினாலு வயதில் எழுதிய முதல் பாட்டு வீட்டுக் கோழிகளைப் பற்றியது. கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து, ‘ரிபோஸ்’ என்ற மருத்துவமனைக் கப்பலில் வேலை பார்த்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, கப்பலில் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பாட்டுக் குழு.

ஊர் திரும்பியதும் பக்கத்து லமாண்ட் ஊரில் வேகன் வீல் என்ற இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவரை ஃபஸி ஓவன் பார்த்தார். பிற்காலத்தில் ஹேகார்டின் மேனேஜராக இருந்த அதே ஃபஸி ஓவன்தான். அவர் ஏற்பாட்டில் பேக்கர்ஸ்ஃபீல்டின் க்ளோவர் கிளப்பில் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. ஆமாம், பியானோ. லாரிப் பாட்டுக்காரர் என்றதும் தொப்பியும் கிட்டாருமாக ஒரு உருவம் மனதில் வருகிறது இல்லையா? இவர் பிழைப்பைத் தொடங்கியது ஒரு பார் மூலையில் இருந்த பியானோவுக்குப் பின்னால்.

அந்த ஊரைப் புரிந்துகொள்ளாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. 1930-களில் ஒக்லஹோமா, டெக்சஸ், ஆர்கன்சா பக்கம் வறட்சியும் புழுதிப் புயலும் அடித்து விவசாயம் அழிந்தபோது, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு 66-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வந்தார்கள். பலர் வந்து சேர்ந்தது பேக்கர்ஸ்ஃபீல்டு இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு. பருத்தி, உருளைக்கிழங்கு, திராட்சை, எண்ணெய்க் கிணறு, இவைதான் வேலை. லமாண்டுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான அரசாங்க முகாம் இருந்தது. பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் ராத்திரி ஆட வருவார்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும், ஆடுகிறவன் கால் நிற்கக் கூடாது. அதனால் வாத்தியத்தில் ஒரு கூர்மை வந்தது. ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரின் வெட்டும் சத்தம், ஸ்டீல் கிட்டார், தட்டையாக ஓங்கி விழும் டிரம்ஸ். கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அப்போது வயலின் கூட்டமும் பின்குரல் குழுவுமாக வழுவழுவென்று பாட்டு செய்துகொண்டிருந்தார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது.

8 ஜனவரி

‘இதில் ராக்கபிலி (கண்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் கலந்தது) எங்கே வந்தது, இது சுத்தமான கண்ட்ரிதானே?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. பக் ஓவன்ஸே 1956-ல் ‘கார்க்கி ஜோன்ஸ்’ என்ற புனைபெயரில் ராக்கபிலி ரெக்கார்டு போட்டவர். கண்ட்ரி ரேடியோக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் பெயரை மாற்றினார். செஸ்டர் அவென்யூவில் இருந்த பிளாக்போர்டு பாரில் ஒரே ராத்திரியில் ரம்பாவும் வாசிக்க வேண்டும், வால்ட்ஸும் வாசிக்க வேண்டும், ராக் அண்ட் ரோலும் வாசிக்க வேண்டும். சிம்ப்சனின் வேகப் பாட்டுகளில் அந்தத் துள்ளல் அப்படியே இருக்கிறது. ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி மெம்ஃபிஸில் கிரவுன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு வண்டி ஓட்டியவர். பக் ஓவன்ஸும் நாற்பதுகளின் கடைசியில் லாரி ஓட்டினார். இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போய்வந்தபோதுதான் அவருக்கு பேக்கர்ஸ்ஃபீல்டு பிடித்துப்போனது, 1951-ல் குடியேறினார். லாரியும் இந்த இசையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகத்தான் புழங்கின.

8 ஜனவரி, பின்னிரவு

பிளாக்போர்டைச் சொல்லிவிட்டு பில் வுட்ஸைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த பாரின் பேண்ட் மாஸ்டர் அவர். பக் ஓவன்ஸ் கிட்டார் வாசித்ததே அவருடைய குழுவில்தான். சிம்ப்சனிடம் முதன்முதலில் ‘லாரி ஓட்டுவதைப் பற்றி ஒரு பாட்டு எழுதித் தாயேன்’ என்று கேட்டதும் அவர்தான். சிம்ப்சன் நாலு பாட்டு எழுதினார். அதற்குள் வுட்ஸ் ரெக்கார்டிங்கையே நிறுத்திவிட்டார்.

ஆக, கம்பெனி கொடுத்த வேஷம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கம்பெனி கேட்டது உண்மை. ஆனால் ஊருக்குள் அவர் மதித்த ஒரு மூத்தவர் கேட்டு, எழுதியும் கொடுத்திருக்கிறார். கேட்டால் எழுதித் தருகிற ஆள் அவர். எனக்கு அவரிடம் பிடித்த குணமே அதுதான், பின்னால் வருகிறேன்.

10 ஜனவரி

லாரிப் பாட்டு மோகம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு.

திடீரென்று வரவில்லை. டெட் டஃபன் எழுதிய ‘ட்ரக் டிரைவர்ஸ் ப்ளூஸ்’ 1939-லேயே வந்துவிட்டது. டெரி ஃபெல் 1954-ல் ‘ட்ரக் டிரைவிங் மேன்’ பாடினார். உடைத்துக்கொண்டு வந்தது 1963-ல், டேவ் டட்லியின் ‘சிக்ஸ் டேஸ் ஆன் த ரோட்’. பிரபலப் பாட்டுகளின் கண்ட்ரி பட்டியலில் 2-ஆம் இடம், பாப் பட்டியலிலும் 32 வரை வந்தது. எழுதிய ஏர்ல் கிரீனும் கார்ல் மாண்ட்கோமரியும் நிஜமான லாரி டிரைவர்கள். பாடிய டட்லி, கை அடிபட்டு பேஸ்பால் கனவை விட்டவர். டிரைவர் எழுத, டிரைவர் இல்லாதவர் பாடி, டிரைவர்கள் காசு போட்டுக் கேட்டார்கள். லாரிக்காரர்களின் சங்கம் டட்லிக்கு மரியாதையாகத் தங்க உறுப்பினர் அட்டையே கொடுத்தது.

1965-ல் டிக் கர்லெஸ். ‘எ டூம்ஸ்டோன் எவரி மைல்’, 5-ஆம் இடம். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் ஹேய்ன்ஸ்வில் காடு வழியாகப் போகும் சாலை. குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு தெற்கே பாஸ்டனுக்குப் போகும் லாரிகள் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்த இடம். அங்கே செத்தவர்களுக்கெல்லாம் கல் நட்டால் மைலுக்கு ஒன்று நிற்கும் என்கிறது பாட்டு. ஒரு கண்ணில் கறுப்புத் திரை கட்டிக்கொண்டு, பள்ளத்தில் இருந்து வருகிற குரலில் பாடுவார். ஒரு குறிப்பிட்ட சாலையை, அதன் குறிப்பிட்ட ஆபத்தை, பெயர் சொல்லிப் பாடுவது. லாரிப் பாட்டில் எனக்குப் பிடித்த வகை இது.

யார் கேட்டார்கள் என்பதும் முக்கியம். டிரக் ஸ்டாப்களில் ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி, இருந்தது. அப்புறம் ராத்திரி ரேடியோ. ஏ.எம். அலைவரிசை இருட்டிய பிறகு வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். 50,000 வாட் நிலையம் என்றால் பல மாநிலங்களுக்குக் கேட்கும். ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூ.பி.ஏ.பி.யில் 1969-லிருந்து பில் மேக் ராத்திரி முழுக்க டிரைவர்களுக்காகவே பேசினார், பாட்டுப் போட்டார். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.எல்.லில் சார்லி டக்ளஸ். தூங்காமல் இருக்கத் துணை தேவைப்பட்டவர்கள் கேட்டார்கள். மோகம் என்கிற சொல் இதற்குப் பத்தாது.

13 ஜனவரி

என் அனுபவத்தைக் கேட்டதால் எழுதுகிறேன்.

வேலை காரணமாக ஃப்ரெஸ்னோவுக்கும் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் நடுவே 99-ஆம் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறேன். வெயில் காலத்தில் தக்காளி லாரிகள். இரட்டைத் தொட்டி மாதிரி இழுவைகள், மேலே மூடி கிடையாது, வாய் வரை பழம். ரேம்ப் வளைவில் திரும்பும்போது ஓரத்தில் கொஞ்சம் சிந்தும். அந்த வளைவுகளில் தார் சிவந்து, பழம் நசுங்கிக் காய்ந்து கிடக்கும். குளிர்காலத்தில் டூலி மூடுபனி. தரையோடு தரையாகப் படுத்துவிடும். முன்னால் போகும் இழுவையின் சிவப்பு விளக்கு ரெண்டும் கரைந்து, மறுபடி வந்து, மறுபடி கரையும். அப்போது ஓட்டுவது சுகமான வேலையே இல்லை.

‘ரோல் ட்ரக் ரோல்’ பாட்டை நான் ஒழுங்காகக் கேட்டது அந்த மாதிரி ஒரு காலையில். 1966-ல் வந்த அவருடைய முதல் ஹிட், 38-ஆம் இடம். டாமி காலின்ஸ் எழுதியது. வீட்டு நினைப்போடு ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவின் பாட்டு. சிம்ப்சன் அதை அழுது வடியாமல் பாடுகிறார். கனத்த குரல்தான், ஆனால் அதை ஊன்றுவதில்லை. வரியின் கடைசியை இழுக்காமல், பக்கத்து சீட்டில் இருக்கிறவனிடம் சொல்கிற மாதிரி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இதே விஷயத்தை இன்னொரு லாரிப் பாட்டுக்காரரான ரெட் சோவைன் எடுத்தால் நடுவில் குரல் தழுதழுத்து, கேட்கிறவனைக் கண்ணீர் விட வைத்துவிட்டுத்தான் ஓய்வார். ‘டெடி பேர்’ 1976-ல் முதலிடம் போனது அப்படித்தான். அதிலும் திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூடுபனியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது எனக்குத் தேவைப்பட்டது சிம்ப்சன்.

13 ஜனவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘ரோல் ட்ரக் ரோல்’ அவர் எழுதாதது, ‘ஐ’ம் எ ட்ரக்’ அவர் எழுதாதது, ‘டீசல் ஸ்மோக், டேஞ்சரஸ் கர்வ்ஸ்’ 1952-லேயே டாய் ஓடெல் பாடிய பழைய பாட்டு. கேள்வி கேட்டவர் இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். பிடித்துக்கொள்ளட்டும். அதே சமயத்தில் அவர் எழுதி மற்றவர்கள் பாடியதைப் பாருங்கள். பக் ஓவன்ஸுடன் சேர்ந்து எழுதிய ‘கானா ஹேவ் லவ்’ 1965-ல். ‘சாம்ஸ் பிளேஸ்’ 1967-ல் முதலிடம். ‘த கேன்சஸ் சிட்டி சாங்’ 1970-ல் 2-ஆம் இடம். ஹேகார்டுடன் சேர்ந்து ‘யூ டோன்ட் ஹேவ் வெரி ஃபார் டு கோ’. தன் பெயரில் வந்த ரெக்கார்டில் மற்றவர் எழுதிய லாரிப் பாட்டு, மற்றவர் பெயரில் வந்த ரெக்கார்டில் தான் எழுதிய காதல் பாட்டும் பார் பாட்டும். இப்படி ரெண்டாகப் பிரிந்துபோனதுதான் அவர் பெயர் சுருங்கிப்போனதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ரெக்கார்டு உறையில் எழுதியவர் பெயரை யார் படிக்கிறார்கள்?

16 ஜனவரி

போலீஸ் பாட்டு பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

1966-லேயே கேபிட்டல் அவரை வைத்து இன்னொரு முழு ஆல்பம் போட்டது: ‘த மேன் பிஹைண்ட் த பேட்ஜ்’. முழுக்கப் போலீஸ்காரர்களின் பாட்டு. அதில் ‘த ஹைவே பேட்ரோல்’, 39-ஆம் இடம். இதை எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு. சாலை ரோந்துப் போலீஸ்காரனே பாடுகிறான்: காரில் ஒரு நட்சத்திரம், மார்பில் ஒரு நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி, வேகமாகப் போனால் பிடித்துவிடுவேன்.

சில மாதம் முன்னால் வேகத்தைக் காட்டிப் பாடிய அதே குரல், இப்போது அதே சாலையில் மறைந்து நின்று அந்த லாரியை நிறுத்துகிறது. முதலில் கேட்டபோது இது வியாபாரம் என்றுதான் எனக்கும் தோன்றியது. லாரி ஓடியது, அடுத்து போலீஸை ஓட்டிப் பார்க்கலாம் என்று கம்பெனி நினைத்திருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டபோது வேறு ஒன்று பிடிபட்டது. இவருக்கு ஒரு வேலையைச் செய்கிற மனிதனின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளத் தெரியும். அவன் எதற்காகப் பெருமைப்படுவான், எதற்கு அலுத்துக்கொள்வான் என்று தெரியும். லாரிக்காரனானாலும் ரோந்துப் போலீஸானாலும் அந்தப் பெருமையை அவர் கிண்டல் செய்வதில்லை. பதின்மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், கூலி வேலை செய்கிற ஜனங்கள் நடுவே வளர்ந்தவருக்கு அது வந்ததில் ஆச்சரியமில்லை.

17 ஜனவரி

‘அப்படியானால் ஐ’ம் எ ட்ரக் வெறும் ஜோக் பாட்டுதானே?’ என்று மறுபடி வந்திருக்கிறது.

ஜோக் பாட்டுதான். நல்ல ஜோக் பாட்டு. லாரியே பேசுகிறது. நாங்கள் இல்லாமல் டிரைவர் ஏது, எல்லாப் பாட்டும் அவனைப் பற்றித்தானா என்று ஆரம்பிக்கிறது. டிரைவர் உள்ளே போய் காபி குடித்துக்கொண்டு பரிமாறுகிற பெண்ணிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான், என்னைக் கொண்டுபோய் மாட்டு லாரி பக்கத்தில் நிறுத்திவிட்டான் என்று புலம்புகிறது. அந்தப் பக்கம் நிற்கிற, மேக் கம்பெனியின் சின்ன பிங்க் லாரி பக்கத்திலாவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்கிறது.

அந்த பிங்க் மேக் சும்மா வரவில்லை. கே ஆடம்ஸ் 1966-ல் ‘லிட்டில் பிங்க் மேக்’ என்ற பாட்டில் லாரி ஓட்டும் பெண்ணாகப் பாடி, பட்டியலிலும் வந்தார். கேபிட்டலின் துணைக் கம்பெனியான டவர் வெளியிட்டது. அதாவது இந்தப் பாட்டு அதுவரை வந்த லாரிப் பாட்டுகளையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களுக்காக எழுதியது. 1971 கடைசியில் வெளியாகி, மறுவருஷம் 4-ஆம் இடம் வரை போனது. அதற்கு முன்னால் சிம்ப்சன் பாடுவதைக் குறைத்துக்கொண்டு எழுத்திலேயே இறங்கியிருந்தார். இந்தப் பாட்டு அவரை மறுபடி மைக்குக்கு இழுத்து வந்தது.

பாட்டின் பெரும்பகுதி பேச்சு. பேச்சை வைத்து ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்துவது கஷ்டம். கொஞ்சம் மிகையாகச் சொன்னால் ரெண்டாம் தடவை கேட்க முடியாது. இவர் லாரிக்கு ஒரு குறை சொல்லும் பெரியவரின் குரலைக் கொடுத்து, அதில் மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டார். எழுதியவர் தபால்காரர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. தினமும் வண்டியிலோ கால்நடையாகவோ அலைகிற இன்னொரு ஆள்.

17 ஜனவரி, இரவு

ஹேகார்டு லாரிப் பாட்டு வேண்டாம் என்றவர், பிறகு? 1969-ல் ‘ஒயிட் லைன் ஃபீவர்’. 1975-ல் லாரி டிரைவர்களைப் பற்றிய டி.வி. தொடருக்காக ‘மூவின் ஆன்’, அது நேராக முதலிடம். சிம்ப்சனுக்கு அந்த உயரம் கிடைக்கவே இல்லை. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஹேகார்டு வேறு உயரம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு வரியில் ஒரு ஆயுளை வைத்துவிடுகிறவர் அவர். சிம்ப்சனை அவருக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டு இசை என்று ஒன்றைப் பற்றிப் பேசும்போது இவர் பெயர் வராமல் பேச்சு முடியக் கூடாது என்கிறேன்.

20 ஜனவரி

பேச்சு ‘ஹாட் ராட் லிங்கன்’ என்ற பாட்டின் பக்கம் போய்விட்டதால் அதற்கும் ஒரு வார்த்தை. அது லாரிப் பாட்டு இல்லை, கார்ப் பந்தயப் பாட்டு. ஆனால் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் போகும் வழியில் உள்ள கிரேப்வைன் ஏற்றம் அதில் வருகிறது. சார்லி ரயன் 1955-ல் எழுதிப் பாடியது. அவர் நிஜத்தில் கார் ஓட்டிப் பார்த்தது ஐடஹோவின் லூயிஸ்டன் ஏற்றத்தில். முந்தைய ஒரு பந்தயப் பாட்டின் தொடர்ச்சியாக எழுதியதால் பாட்டில் கலிபோர்னியா மலை நின்றுவிட்டது. கமாண்டர் கோடி குழுவின் வடிவம் 1972-ல் பாப் பட்டியலிலேயே முதல் பத்துக்குள் வந்தது, கிட்டார் பில் கிர்ச்சன். அதே குழு அதே வருஷம் லாரிக்காரர்களுக்கென்றே ஒரு ஆல்பமும் போட்டது. நீளமுடி இளைஞர்கள் இந்தப் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி ஊர்களுக்குப் போனார்கள்.

கிரேப்வைனை லாரியோடு பார்க்க வேண்டுமென்றால் வடக்கே இறங்கும் பக்கத்தில் பாருங்கள். ஐந்தாம் நம்பர் நெடுஞ்சாலை செங்குத்தாக விழுகிறது. பிரேக் பிடிக்காமல் போனால் ஏறி நிற்கச் சரளை கொட்டிய தனித் தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். சூடான பிரேக் வாடை கார் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். அந்த இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சினை முனக விட்டுக்கொண்டு ஒரு லாரி ஊர்ந்து இறங்குவதைப் பார்த்த பிறகு ‘டீசல் ஸ்மோக், டேஞ்சரஸ் கர்வ்ஸ்’ வேறு மாதிரி கேட்டது.

24 ஜனவரி

அதற்கப்புறம் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு.

1975 கடைசியில் சி.டபிள்யூ. மெக்கால் ‘கான்வாய்’ பாட்டைக் கொண்டுவந்தார். லாரிக்காரர்கள் ஓட்டிக்கொண்டே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோ மோகம். லாரி ஓட்டாதவர்களும் ரேடியோ வாங்கிப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு பேசிய காலம். லாரிப் பாட்டு உச்சிக்குப் போனபோது பத்து வருஷமாக அதைப் பாடிக்கொண்டிருந்த சிம்ப்சனுக்கு அதில் பெரிய பங்கு கிடைக்கவில்லை. 1976-ல் வார்னர் கம்பெனிக்காக ‘ட்ரக் டிரைவர் ஹெவன்’ பாடினார். 1979-ல் ஒரு சின்னக் கம்பெனியில் ‘த ஃப்ளையிங் சாசர் மேன் அண்ட் த ட்ரக் டிரைவர்’, பறக்கும் தட்டில் வந்த ஆளும் லாரிக்காரனும் சந்திக்கிற கதை. பட்டியலின் கடைசிப் படியைத் தொட்டது.

அப்புறம் ஜூனியர் பிரவுன். கிட்டாரையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒரே உடம்பில் ஒட்டித் தானே ஒரு வாத்தியம் உருவாக்கியவர். 1993-ல் ‘ஹைவே பேட்ரோல்’ பாட்டை எடுத்துப் பாடினார். பிறகு சிம்ப்சனையே கூப்பிட்டு ‘செமி க்ரேஸி’, ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ இரண்டையும் சேர்ந்து பாடினார்கள். அதில் சிம்ப்சன் குரல் வருகிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு முகம் மலர்ந்துவிடும். வயசு ஆகியிருக்கிறது, அவசரம் மட்டும் இன்னும் இல்லை. அந்த வழியிலேயே 1998-ல் டெக்சஸிலிருந்து டேல் வாட்சன் ‘த ட்ரக்கிங் செஷன்ஸ்’ என்று முழு ஆல்பம் போட்டார். அவரும் ராக்கபிலியும் கண்ட்ரியும் கலந்து பாடுகிறவர்தான்.

சிம்ப்சன் ஊரை விட்டுப் போகவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயில்டேலில் ட்ரௌட்ஸ் என்ற பார் இருந்தது. அங்கே திங்கட்கிழமை ராத்திரிகளில் வாசிப்பார். பட்டியலில் 4-ஆம் இடம் வந்த ஆள், எழுபது வயதைத் தாண்டியும் வாரத்தின் முதல் நாளில் உள்ளூர் பாரில். நான் போன சமயத்தில் ஆடுதளத்தில் வயசான ஜோடிகள்தான் அதிகம். ஆண்கள் இஸ்திரி போட்ட ஜீன்ஸ், பெண்கள் ஆடுவதற்கென்றே தோல் அடி வைத்த செருப்பு. பாட்டு முடிந்ததும் யாரும் உட்காரவில்லை, அடுத்ததற்காக நின்றார்கள். இவரை ‘மறந்துபோன பாடகர்’ என்று எழுதுகிறவர்கள் அந்தத் தளத்தைப் பார்த்ததில்லை.

2016 ஜனவரி 8 அன்று பேக்கர்ஸ்ஃபீல்டிலேயே இறந்தார், 81 வயது. மூன்று மாதத்தில், ஏப்ரல் 6, தன் 79-ஆம் பிறந்தநாளில் ஹேகார்டும் போனார். அந்த வருஷம் அந்த ஊருக்குக் கெட்ட வருஷம்.

25 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: ‘சரி, எழுத்தாளர் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாரிப் பாட்டு அவரைக் கெடுத்ததா, வாழ வைத்ததா?’

இதை ரெண்டு நாளாக யோசித்தேன். லாரிப் பாட்டு இல்லாவிட்டால் கேபிட்டல் அவருக்கு ஆல்பமே கொடுத்திருக்காது, அவர் குரல் நமக்குக் கிடைத்திருக்காது. அது பெரிய விஷயம். நஷ்டமும் உண்டு. ‘க்ளோஸ் அப் த ஹாங்கி டாங்க்ஸ்’ மாதிரிப் பாட்டுகளை அவர் குரலில், கேபிட்டலின் நல்ல வாத்தியக்காரர்களோடு ஒரு முழு ஆல்பமாக 1966-லேயே போட்டிருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஹேகார்டு ஜெயில் பாட்டும் பாடினார், காதல் பாட்டும் பாடினார், பழைய ஜிம்மி ரோஜர்ஸ் பாட்டும் பாடினார், யாரும் தடுக்கவில்லை. சிம்ப்சனுக்கு அந்தச் சுதந்திரம் வரவில்லை. 1973-ல் கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டபோதுகூட அது லாரிக்காரனின் கிறிஸ்துமஸாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. இதில் எனக்குக் கம்பெனி மேல் கோபம் உண்டு.

அவர் அலுத்துக்கொண்ட மாதிரி பாட்டில் எங்கேயும் தெரியவில்லை. அது இன்னும் மரியாதையை ஏற்படுத்துகிறது.

27 ஜனவரி

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டவருக்கு: முதலில் ‘ரோல் ட்ரக் ரோல்’ ஆல்பம், 1966. அதைக் காரில் கேளுங்கள், ஹெட்ஃபோனில் வேண்டாம். அடுத்து பக் ஓவன்ஸ் பாடிய ‘சாம்ஸ் பிளேஸ்’, எழுதியவர் யார் என்ற நினைப்போடு. ‘ஐ’ம் எ ட்ரக்’ கடைசியில். முதலில் கேட்டால் இவரைத் தமாஷ் பாடகர் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். எல்லாம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி கம்பெனி ஐந்து சி.டி. பெட்டியாகப் போட்டிருக்கிறது. விலை கூட, உள்ளே இருக்கிற புத்தகத்துக்காகவே வாங்கலாம்.

‘ஹைவே பேட்ரோல்’ இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஜூனியர் பிரவுன் கிட்டாரில் வித்தை காட்டுகிறார், போலீஸ்காரன் கார்ட்டூன் ஆகிவிடுகிறான். சிம்ப்சன் பாடும்போது அவனுக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு 1966-தான். உங்களுக்கு எது என்று எழுதுங்கள்.